வடக்கன்குளத்துப் பள்ளி ஆசிரியர்

எஹலியகொடைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில், இரவு நேரத்தில் உங்கள் பிள்ளை தமிழ்க் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு ‘எனது ஊர்’. பிள்ளை என்ன எழுதுகிறது? அநேகமாக வழிகாட்டி நூலில் கண்ட நெல்வயலையும் கடற்கரையையும்தான். விடியற்காலையில் அப்பா பால் வெட்டப் போகும் மரங்களைப் பற்றி ஒரு வரியும் இராது. பிள்ளையைக் கோபிக்காதீர்கள். நம் கண்முன் இருப்பது எழுத்தில் ஏறத் தகுதியற்றது என்று எங்கோ அது கற்றுக்கொண்டுவிட்டது. பெரிய படிப்பாளிகளுக்கும் இந்தக் குறை வருவதுண்டு. அப்படித் தம்மிடம் இருந்த குறையை ஒரு பள்ளிக்கூடத்திலே கண்டுகொண்ட குருவானவர் ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தனிநாயகம் அடிகள் என்றதும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளே உங்கள் நினைவுக்கு வரும். அவை பெரிய காரியங்கள்தாம். எனினும் 1940 ஆம் ஆண்டில் அவர் நின்ற நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913 ஆகஸ்ட் 2 ஆம் நாள் பிறந்தவர் அவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். அக்காலக் கல்லூரிப் படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. பின்னர் கொழும்பில் குருமடம், அங்கிருந்து உரோமை. 1938 இல் குருப்பட்டம் பெற்று, பழைய கார்த்தேஜ் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆராய்ந்து முனைவரும் ஆனார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் அவருக்குக் கைவந்திருந்தன. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணிபுரியச் சென்ற அவரை வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையின் தெற்கே உள்ள பழைய கத்தோலிக்க ஊர் அது. 1745 இல் புனித தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றது அங்கேதான்.

அந்தப் பள்ளியில், தமிழ்ப் பிள்ளைகள் நடுவே நின்றபோதுதான் தம் தாய்மொழியின் இலக்கியம் தமக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. வயது 27. உரோமையில் பட்டம் வாங்கியவர், குருவானவர், பிள்ளைகளுக்கு ஆசிரியர். சொல்லாமலே மறைத்திருக்கலாம், பலர் அப்படித்தான் காலந்தள்ளுகிறார்கள். அவரோ குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். ஒருநாள் இருநாள் அல்ல, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தமிழ் இலக்கியம் படித்தார். குருவானவர் ஒருவர் ஐயரிடம் பாடங்கேட்டதை அந்நாளில் ஊரார் எப்படிப் பார்த்திருப்பார்களோ! ஆசிரியரே படிக்கிறார் என்று அறிவதைவிட நல்ல பாடம் மாணவருக்கு வேறென்ன வேண்டும்?

அத்துடன் அவர் நிற்கவில்லை. 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். முதுகலை முடித்து, பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார். நம் கட்டுரைப் பிள்ளைக்கு உதவக்கூடிய செய்தி இதில் இருக்கிறது. சங்கப் புலவர்கள் மலை, காடு, வயல், கடற்கரை, வறண்ட நிலம் என்று தாம் கண்ட நிலத்தை முதலில் வைத்து, அந்த நிலத்தின் பூவையும் பறவையையும் தொழிலையும் கொண்டே மனிதர் மனத்தைப் பாடினார்கள். கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை அறிந்திருந்த அடிகள், அவற்றின் அருகில் இதை வைத்துப் பார்த்தார். இறப்பர் மரம் இலங்கைக்கு வந்ததே 1876 இல், ஹெனரத்கொடைக்குத்தான். சங்கப் புலவருக்கு அதைத் தெரிய வழியில்லை. ஆனால் கத்தி பட்ட பட்டையில் வழிந்து சிரட்டையில் சொட்டும் பாலை அவர்கள் கண்டிருந்தால் பாடாமல் விட்டிருப்பார்களா, சொல்லுங்கள்!

பத்திரிகைத் தொழிலிலும் அவரிடம் கற்க வேண்டியது உண்டு. தமிழைப் பிற நாட்டார் அறிய வேண்டுமென்று 1952 இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி நடத்தினார். 1966 வரை அது வெளிவந்தது. கேட்டதை எழுதுவது அவர் வழக்கமன்று. நூலகங்களுக்கு நேரே சென்று தேடிப் பார்த்தே எழுதுவார். 1554 இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூல், அண்டிறிக்கே அடிகள் 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ ஆகியவற்றைப் பற்றியெல்லாம் ஆராய்ந்து எழுதித் தமிழர் கவனத்திற்குக் கொண்டுவந்தார். புரோவென்சா அடிகள் தொகுத்து 1679 இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் பிரதியிலிருந்து 1966 இல் மீண்டும் பதிப்பித்தார். அச்சுத்தமிழின் தொடக்கத்தில் நம் குருக்களின் கைகள் இருந்தன என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்குச் சான்று தேடித் தந்தவர்களில் அவரும் ஒருவர்.

1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். இடையில் இலண்டன் சென்று, பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்ற பொருளில் இரண்டாவது முனைவர் பட்டம் பெற்றார். வகுப்பறையை அவர் விட்டதேயில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அதன்பின் மலாயாப் பல்கலைக்கழகம். 1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. கோலாலம்பூரில் 1966, சென்னையில் 1968, பாரிசில் 1970 என மாநாடுகள் நடந்தன. 1974 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் முடிவில், ஜனவரி 10 ஆம் நாள் இரவு, பொலிசார் கூட்டத்தினுள் புகுந்ததையடுத்து உயிர்கள் பலியாயின. தாம் பிறந்த மண்ணில் அதையும் காண நேர்ந்தது அவருக்கு.

1980 செப்டெம்பர் 1 ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் காலமானார். வயது 67. அவர் தமிழ் கற்கத் தொடங்கி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.