வளைந்த விரல்கள் சொல்லும் பாடம்

எந்த மூட்டுவலியையும் செல் சிகிச்சை குணப்படுத்திவிடும் என்னும் விளம்பரங்களைக் காணும்போதெல்லாம், மதுரையில் வாழ்ந்து மறைந்த ஒரு மருத்துவரின் விரல்களே என் நினைவுக்கு வருகின்றன. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் விரல்கள் அவை.

1918 அக்டோபர் 1 அன்று, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்று, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பை முடித்தார். உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்த துயரத்தால், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. ராணுவ மருத்துவப் பணியின்போது தாக்கிய முடக்குவாதம் அந்த விருப்பத்தை முறித்தது. 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், நெடுங்காலம் படுக்கையில் கிடந்தார். வலி தணிந்தபோது விரல்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் இல்லை. எனவே சிதைந்தால் அது தானாக வளர்வதில்லை. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, முழங்காலில் மீண்டும் பொருத்தும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்டனர். அது அன்றே இருந்திருந்தாலும் அவருக்கு உதவியிராது. விளையாட்டிலோ விபத்திலோ ஏற்பட்ட, எல்லை குறுகிய காயத்துக்கே அம்முறை ஏற்றது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குகிறது; புதிதாக நட்ட செல்களையும் அந்த அழற்சி விட்டுவைக்காது.

மூட்டு மீளாது என்றறிந்த வெங்கடசாமி, கண் மருத்துவம் பயின்றார். தம் கைக்கேற்ற கருவிகளை வடிவமைத்து, கத்தியைப் பிடிக்கவும் கண்புரையை அகற்றவும் விரல்களைப் பழக்கினார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். கிராமந்தோறும் முகாம்கள் நடத்தினார். அந்த விரல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தன. 58 வயதில் ஓய்வு பெற்றவர், 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் உருவான ஆரோலேப், செயற்கைக் கண்வில்லைகளை எளியோருக்கும் எட்டும் விலையில் தயாரித்தது. 2006 ஜூலை 7 அன்று அவர் மறைந்தார்.

அவர் நோயுற்ற காலத்தில், மூட்டுச் சிதைவைத் திறம்படத் தடுக்கும் மருந்துகள் பரவலான பயன்பாட்டில் இல்லை. இன்று உண்டு. தொடக்கத்திலேயே கண்டறிந்து முறையாக உட்கொண்டால், பெரும்பாலோரின் விரல்களை வளையாமல் காக்கலாம். அந்த அரிய மாதங்களைத் தவறான சிகிச்சையில் இழப்பவருக்கு, செலவழித்த பணத்தைவிடப் பெரிய இழப்பு நேர்கிறது. காலையில் விரல்கள் வெகுநேரம் விறைத்திருந்தால், கைமூட்டுகள் வீங்கியிருந்தால், முதலில் நோய் எதுவென்று கேளுங்கள். சிகிச்சை எதுவென்பது அடுத்த கேள்வி. விதி வளைத்த விரல்களால் அவர் வென்றார் என்பது பெருமை. ஆனால், தடுக்கக்கூடிய ஊனத்தை இன்னொருவர் சுமக்க நேர்வதில் பெருமை ஏதுமில்லை.