கைவிடப்பட்ட குழந்தைகளின் தந்தை: புனித வின்சென்ட் தே பவுல்



ஆலயத்தின் ஜூபிலியைக் கொண்டாடும் வேளையில், கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே திருச்சபை அன்று என்பதை நமக்கு உணர்த்தும் ஒரு புனிதரின் வாழ்வைச் சற்றே நினைவுகூர்வோம்.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, டாக்ஸ் நகருக்கு அருகிலுள்ள பூய் என்னும் சிற்றூரில், 1581-ஆம் ஆண்டு ஏழை உழவர் குடும்பத்தில் வின்சென்ட் பிறந்தார். சிறு வயதில் தந்தையின் ஆடுகளை மேய்த்தார். 1600-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

1617-இல் அவர் ஷத்தியோன் என்ற ஊரில் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு ஆயத்தமாகும்போது, ஊருக்குப் புறத்தே ஒரு குடும்பம் முழுவதும் நோயில் விழுந்து, கவனிப்பாரற்றுக் கிடப்பதாகச் செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதை எடுத்துரைத்தார். மாலையில் அவர் அங்குச் சென்றபோது, வழியெல்லாம் உணவு சுமந்து சென்ற மக்களைக் கண்டார். மகிழ்ந்தார், சிந்திக்கவும் செய்தார். இன்று தேவைக்கு மிஞ்சிக் குவியும் உணவு கெட்டுப்போகும். சில நாட்களில் அக்குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும். இரக்கம் இருந்தது, ஒழுங்கு இல்லை. ஆகவே, பங்கின் பெண்களைச் சேர்த்து, முறைவைத்து ஏழைகளைக் கவனிக்கும் பிறரன்புச் சங்கத்தை அவ்வாண்டே நிறுவினார். 1633-இல் புனித லூயிஸ் தே மரிலாக்குடன் இணைந்து பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார்.

அந்நாளில் பாரிஸ் நகரத் தெருக்களிலும் கோவில் வாசல்களிலும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பச்சிளங் குழந்தைகள் கைவிடப்பட்டனர். அவர்களுக்கென இருந்த இல்லத்தில் போதிய பாலும் இல்லை, பராமரிப்பும் இல்லை. சில குழந்தைகள் பிச்சைக்காரர்களுக்கு விற்கவும் பட்டனர். 1638-இல் வின்சென்டின் தூண்டுதலால் செல்வக் குடும்பத்துப் பெண்கள் சீட்டுப் போட்டு 12 குழந்தைகளை மட்டும் எடுத்து வந்தனர். அதற்கு மேல் அவர்களிடம் பொருள் இல்லை. எஞ்சிய குழந்தைகளை விட்டுவிட்டு வந்தது அவர்கள் மனத்தை வாட்டியது. இரண்டே ஆண்டுகளில், எல்லாக் குழந்தைகளையும் ஏற்பது என முடிவாயிற்று.

குழந்தைகள் பாலூட்டும் தாய்மாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அத்தோடு பணி முடிந்துவிடவில்லை. அத்தாய்மாருக்குக் கூலி கொடுக்கப்பட்டது. கன்னியர் அவர்களுடைய இல்லங்களுக்குச் சென்று குழந்தைகளின் நலத்தை விசாரித்தனர். வளர்ப்பவரைத் தாங்கினால்தான் குழந்தை வாழும் என்பதை வின்சென்ட் அறிந்திருந்தார்.

பின்னர் உள்நாட்டுக் கலகமும் விலைவாசியும் நெருக்கின. கடன் பெருகியது. உதவிய பெண்கள் சோர்ந்து, பணியைக் கைவிட நினைத்தனர். வின்சென்ட் அவர்களை ஒன்றுகூட்டினார். இக்குழந்தைகளுக்கு அருளால் தாயானவர்கள் அவர்களே என்றும், இனி அக்குழந்தைகள் வாழ்வதும் மடிவதும் அவர்களது தீர்ப்பைப் பொறுத்ததே என்றும் எடுத்துக் கூறினார். பணி தொடர்ந்தது.

1660 செப்டம்பர் 27 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 1737-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் பெயரைத் தாங்கிய வின்சென்ட் தே பவுல் சபையை 1833-இல் பிரடெரிக் ஓசானாமும் அவர்தம் தோழர்களும் பாரிஸில் தொடங்கினர். அது இன்று நம் நாட்டுப் பங்குகள் பலவற்றிலும் பணியாற்றி வருகிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று பெரும்பாலும் பாட்டியிடமோ, அத்தையிடமோ, பெரியப்பா வீட்டிலோ வளர்கின்றனர். கிறிஸ்துமஸ் நாளில் அப்பிள்ளைக்குப் புத்தாடை தருகிறோம், நன்று. ஆனால் ஆண்டு முழுதும் உலை வைக்கும் அந்தப் பாட்டியின் முழங்கால் வலியை யார் விசாரிப்பது? உறவினரிடம் வளரும் இத்தகைய பிள்ளைகளுக்கு அரசின் மாத உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவரை அழைத்துச் சென்று மனு எழுதிக் கொடுக்க, நம்முள் படித்தவர் ஒருவர் அரைநாள் ஒதுக்கலாகாதா? ஓர் அன்பியம் ஒரு குடும்பத்தை ஏற்று, வாரம் ஒருவர் என முறைவைத்து அவ்வில்லத்தின் படியேறலாகாதா?

ஜூபிலி அலங்காரங்கள் விரைவில் கழற்றப்படும். ஷத்தியோன் மக்களைப் போல நாமும் ஒருநாள் உணவு சுமந்து சென்று திரும்பிவிடாமல், முறையோடு தொடர்ந்து செல்ல, புனித வின்சென்ட் நமக்காக மன்றாடுவாராக!