கே. இராமையா

கே. இராமையா (1892 - 1988) கீழக்கரையில் பிறந்த வேளாண் அறிவியலாளரும் நெல் மரபியலாளரும் ஆவார். இந்தியாவில் அறிவியல் முறையிலான நெல் கலப்பினத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

கோயம்புத்தூரில் ஆய்வுகள்

நாட்டு நெல் வகைகள் நிறம், வயது, ஊர் ஆகியவற்றால் பெயர் பெற்றவை. ஒரே பெயரில் பலவகை நெல் வழங்குவதும், ஒரே நெல் பல பெயர்களில் வழங்குவதும் உண்டு. எனவே அவற்றை வகைப்படுத்தப் பெயர் மட்டும் போதாது. பண்புகள் தலைமுறைதோறும் எவ்வாறு கடத்தப்படுகின்றன என்பதை அறிதல் வேண்டும். 1912 இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட நெல் ஆய்வு நிலையத்தில் எஃப். ஆர். பார்னெல் தலைமையில் இப்பணி நடைபெற்றது. பார்னெல், ரங்கசாமி ஐயங்கார், இராமையா ஆகியோரின் நெல் மரபியல் ஆய்வு 1917 இல் வெளியானது. நெல்லின் 24 நிறப்புரிகளில் பாதியை மட்டுமே கொண்ட ஒருமடியச் செடியைப் பற்றி 1933 இல் இராமையாவும் உடன் ஆய்வாளர்களும் அறிவித்தனர்.

கோனாமணி என்ற நெல்லில் இயற்கையாகத் தோன்றிய மாற்றத்திலிருந்து தெரிவு செய்யப்பட்ட, சன்னமான அரிசி தரும் ஜி.இ.பி. 24 என்ற வகையும் இந்நிலையத்தைச் சேர்ந்ததே.

கட்டாக்கில் பணி

1943 வங்காளப் பஞ்சத்திற்குப் பின்னர், 1946 இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. இராமையா அதன் முதல் இயக்குநரானார்.

ஆசிய நெல்லில் இண்டிகா, சப்பானிக்கா என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. இந்தியாவின் உயரமான இண்டிகா வகைகள் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். சப்பானிக்கா வகைகள் உரத்தை ஏற்று விளைச்சல் தரும். இவ்விரண்டையும் கலக்கும் பன்னாட்டுத் திட்டம் 1950களில் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில் கட்டாக்கில் நடைபெற்றது. கலப்பினச் செடிகள் பல மலடாகிப் பதராயின. திட்டத்தின் பயனாக நிலைத்த வகைகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று தஞ்சைப் பகுதியில் பரவிய ஏ.டி.டி. 27. இதன் பெற்றோர் சப்பானின் நோரின் 10, கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24. மற்றொன்று மலேசியாவின் மசூரி.

பிற்காலம்

நெல் மரபியல் குறித்த இவரது நூல் 1953 இல் வெளிவந்தது. 1968 முதல் 1974 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 1970 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

தமிழ்நாட்டில் விரும்பி உண்ணப்படும் வெள்ளைப் பொன்னி, மசூரியிலிருந்து தெரிவு செய்யப்பட்டது. ஆந்திராவின் சம்பா மசூரியின் பெற்றோருள் ஜி.இ.பி. 24, மசூரி ஆகிய இரண்டும் உள்ளன. பழைய வகைகளைப் பிரித்தறிந்து பாதுகாத்ததாலேயே இப்புதிய வகைகள் உருவாக முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.