குறைந்த செலவில் காருக்கு குதிரைத்திறன்: வழிகாட்டிய கார்லோ அபார்த் யார்?

பழைய டர்போ கார் வாங்கும் பலருக்கும் முதலில் வரும் ஆசை, கம்மி செலவில் இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா என்பதுதான். எக்ஸாஸ்ட் மாத்தலாமா, ஏர் ஃபில்டர் மாத்தலாமா, ஈசியு ரீமேப் பண்ணலாமா என்று பட்டியல் நீளும். இந்த ஆசையையே ஒரு தொழிலாக்கிக் காட்டியவர் கார்லோ அபார்த். தேள் சின்னம் போட்ட அபார்த் கார்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் இவர்தான்.

ரயிலோடு ரேஸ்

1908 நவம்பர் 15-ம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர். இயற்பெயர் கார்ல். மேற்கத்திய ஜோதிடக் கணக்குப்படி அவர் ராசி விருச்சிகம். பின்னாளில் கம்பெனிக்கு தேள் சின்னம் வந்தது இப்படித்தான்.

இளம் வயதில் மோட்டார் சைக்கிள் ரேஸ் வீரர். ஒரு விபத்தில் பலமாக அடிபட்ட பிறகும் விடவில்லை, சைடுகார் வண்டிக்கு மாறினார். 1934-ல் வியன்னாவுக்கும் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டுக்கும் இடையே, 1,300 கி.மீ.க்கும் மேலான தூரத்தில், ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோடு சைடுகார் பைக்கில் போட்டி போட்டு முந்தினார்.

1930-களின் இறுதியில் யூகோஸ்லாவியாவில் நடந்த பெரிய விபத்து அவர் பைக் ரேஸ் வாழ்க்கையை முடித்து வைத்தது. உலகப் போர் முடிந்ததும் இத்தாலியின் மெரானோவுக்கு குடிபெயர்ந்தார். கார்ல், கார்லோ ஆனார்.

கைக்கு வந்தது உதிரிபாகங்கள்தான்

அங்கே சிசிடாலியா என்ற ரேஸ் கார் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியும் கொஞ்ச காலத்திலேயே பணமில்லாமல் நொடித்தது. வரவேண்டிய பணத்துக்குப் பதிலாக சில ரேஸ் கார்களும் உதிரிபாகங்களும்தான் கைக்கு வந்தன. அதை வைத்தே 1949 மார்ச் 31-ல் அபார்த் அண்ட் கோ தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 40.

ரேஸ் கார் மட்டும் செய்தால் அடுப்பு எரியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் சாதாரண மக்கள் ஓட்டும் ஃபியட் கார்களுக்கு சைலன்சர் செய்து விற்க ஆரம்பித்தார்.

சைலன்சரால் எப்படி பவர் கூடும்?

விஷயம் சிம்பிள். இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றையும் பெட்ரோலையும் எரித்துவிட்டு, புகையை வெளியே தள்ள வேண்டும். வெளியே போகும் வழி குறுகலாக இருந்தால், புகையைத் தள்ளவே இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். வழி தாராளமாக இருந்தால் அந்த சக்தி சக்கரத்துக்குப் போகும். கூடவே கம்பீரமான சத்தமும் கிடைக்கும். முழு இன்ஜினை மாற்ற வசதியில்லாத இளைஞர்கள் இதை வாங்கிக் குவித்தார்கள்.

மரப்பெட்டியில் வந்த வேகம்

1955-ல் வந்த ஃபியட் 600 காரில் இருந்தது 633 சிசி, 4 சிலிண்டர் இன்ஜின். பவர் 20 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல், அவ்ளோதான். அபார்த் அதன் சிலிண்டரை லேசாகக் குடைந்து, கிராங்க் ஷாஃப்ட்டை மாற்றி 747 சிசி ஆக்கினார். கம்ப்ரஷனை ஏற்றி, பெரிய கார்புரேட்டரும் தன் எக்ஸாஸ்ட்டும் பொருத்தினார். பவர் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பின்னாளில் வந்த 1000 சிசி ரேஸ் ரகங்களில் அது 100-ஐயும் தாண்டியது.

முழு கார் வாங்க முடியாதவர்களுக்கு இந்த பாகங்களை ஒரு மரப்பெட்டியில் அடைத்து விற்றார். பெட்டியை வாங்கி, நம்ம ஊர் மெக்கானிக் மாதிரி ஒருவரிடம் கொடுத்தால் போதும்.

1958-ல் மோன்ஸா ஓடுதளத்தில், அவர் தயார் செய்த குட்டி ஃபியட் 500 கார் 7 நாள் இரவு பகலாக ஓடியது. 18,186 கி.மீ. தூரம், சராசரி வேகம் மணிக்கு 108 கி.மீ. சின்ன காரால் முடியாது என்ற பேச்சு அதோடு அடங்கியது. ஜெயிக்கும் ரேஸுக்கு ஏற்ப ஃபியட்டும் அவருக்குப் பணம் தந்தது.

1965-ல், 56 வயதில், ஒரு சாதனை முயற்சிக்காக காரின் குறுகலான சீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. ஆப்பிள் டயட் இருந்து 30 கிலோ குறைத்து, தானே ஓட்டி சாதித்தார்.

விற்க வேண்டி வந்தது

ஆனால் ரேஸ் செலவு ஏறிக்கொண்டே போனது. 1971-ல் கம்பெனியை ஃபியட்டிடம் விற்றார். பிறகு வியன்னாவுக்கே திரும்பி, 1979 அக்டோபர் 24-ல் காலமானார். அவர் பெயர் தாங்கிய ஃபியட் 131 அபார்த் அதற்குள் உலக ராலி பட்டத்தை 2 முறை வென்றிருந்தது.

2008-ல் ஃபியட் 500 அபார்த் மறுபடி வந்தது. இம்முறை 1.4 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ, 135 குதிரைத்திறன். எஸ்ஸே எஸ்ஸே என்ற கிட் போட்டால் 160. அந்த கிட்டும் மரப்பெட்டியில்தான் வந்தது. இந்தியாவிலும் 2015-ல் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ விற்பனைக்கு வந்தது.

நமக்கு என்ன பாடம்?

அந்த 160 குதிரைத்திறன் கிட்டில் ஈசியு, ஏர் ஃபில்டரோடு துளையிட்ட பிரேக் டிஸ்க், நல்ல பிரேக் பேட், தாழ்வான ஸ்பிரிங் எல்லாமே இருந்தன. அதாவது, ஏத்தின வேகத்தை நிறுத்தவும் வழி செய்த பிறகே விற்றார்கள். பழைய டர்போ காரில் பூஸ்ட் ஏத்தும் முன் ஹோஸ் லீக், ஸ்பார்க் பிளக், ஆயில், கூலன்ட் சரியா இருக்கான்னு பார்ப்பது முக்கியம். இல்லையென்றால் மிச்சம் பிடித்த காசெல்லாம் இன்ஜின் வேலைக்கே போகும்.

இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அபார்த் தன் கார்களின் வேகத்தைக் காட்டியது மோன்ஸா மாதிரி மூடிய ஓடுதளங்களில் என்பதை மறக்க வேண்டாம்.