எது தகுதி?

உயர்ந்த பதவிக்கு ஒருவர் பெயர் அடிபட்டதும், என்ன படித்தார், எத்தனை பதவி வகித்தார் என்றே கேட்கிறார்கள். தகுதியை அளக்க அந்த முழக்கோல் போதுமா? அமெரிக்க வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

1857இல் குடியரசுத் தலைவரானார் ஜேம்ஸ் புக்கானன். பிரதிநிதிகள் சபை, செனட் சபை உறுப்பினர், ருஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர், வெளிநாட்டு அமைச்சர். அவர் ஏறாத படி இல்லை! ஆனால், அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்தபோது, பிரிவது சட்டவிரோதம், தடுக்கவோ தமக்கு அதிகாரமில்லை என்று கைகட்டி நின்றார். அவர் பதவியிறங்கு முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்து போயின.

அடுத்து வந்தவர் ஆபிரகாம் லிங்கன். 1809இல் கெண்டகியில் மரக்குடிசையில் பிறந்த உழவர் மகன். பள்ளியில் இருந்தது மொத்தம் ஓராண்டுகூட இல்லை. மரம் பிளந்தார், படகு ஓட்டினார், கடையில் வேலை பார்த்தார், தாமே படித்து வழக்கறிஞரானார். பிரதிநிதிகள் சபையில் இரண்டே ஆண்டு. செனட் சபைக்கு இருமுறை முயன்று தோல்வி. இவரா நாடாளத் தக்கவர் என்று எள்ளி நகையாடினர் பலர்.

நடந்ததென்ன? வேட்பாளர் போட்டியில் தம்மை எதிர்த்தவர்களையே அமைச்சர்களாக்கினார். அவர் குறையற்றவர் என்று நாம் கூறமாட்டோம். அடிமை முறை உள்ள மாநிலங்களில் தலையிடப் போவதில்லை என்று சொல்லித்தான் 1861இல் பதவியேற்றார். ஆனால் திருத்திக்கொள்ளும் துணிவு அவருக்கு இருந்தது. 1863 சனவரி 1இல், கலகம் செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். அடிமை முறையை அடியோடு ஒழிக்கும் சட்டத்திருத்தம் 1865 சனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேற அரும்பாடுபட்டார். அந்த ஏப்ரலிலேயே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்.

தோழர்களே! பதவிப் பட்டியலைக் கண்டு மயங்க வேண்டாம். நெருக்கடியில் இவர் யார் பக்கம் நிற்பார்? தவறினால் திருந்துவாரா? வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் உழைப்பாளி கேட்கவேண்டியது இதைத்தான்.