இருட்டறையில் ஒளியைப் படித்தவர்: இப்னுல் ஹைதம்

காரைக்கால் மஸ்தான் சாஹிபு வலியுல்லாஹ் தர்கா கந்தூரியிலும் நாகூர் கந்தூரியிலும், சீரியல் விளக்குகள் சுற்றிய மினாராக்களின் படங்கள் இரவோடு இரவாக வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளின் கைப்பேசிக்குப் போய்விடுகின்றன. உயரமான மினாராவில் எரியும் நூற்றுக்கணக்கான விளக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், தனித்தனிப் புள்ளிகளாகப் படத்தில் பதிவது எப்படி? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம்.

ஹிஜ்ரி 354 (கி.பி. 965) வாக்கில் இராக்கின் பஸ்ராவில் பிறந்தவர் அவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த வழி உண்டு என்று அவர் சொன்னதைக் கேள்விப்பட்டு, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாகிம் அவரை வரவழைத்தார் என்று வரலாற்றாசிரியர் அல்கிஃப்தீ எழுதுகிறார். ஆட்களுடன் தெற்கே அஸ்வான் பக்கம் சென்றவர், வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் பிரம்மாண்டமான கட்டடங்களைக் கண்டார். இவ்வளவு நுட்பமாகக் கட்டத் தெரிந்தவர்களே நதியைத் தடுக்கவில்லை என்றால், அது இயலாத காரியம்தான் என்று உணர்ந்தார். திரும்பி வந்து, தம் திட்டம் நடக்காது என்று அல்ஹாகிமிடமே சொன்னார்.

அல்ஹாகிம் சிறு கோபத்துக்கும் உயிரை எடுப்பவர். கொடுத்த பதவியை மறுக்கவும் முடியாமல், தொடரவும் அஞ்சி, இப்னுல் ஹைதம் பைத்தியம் பிடித்தவரைப் போல நடித்தார். சொத்து பறிபோனது, வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். ஹிஜ்ரி 411இல் (1021) அல்ஹாகிம் மறைந்த பிறகே வெளியே வந்தார். அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, யூக்ளிட், தாலமி நூல்களைப் பிரதியெடுத்து விற்று வாழ்ந்தார். ஆண்டுக்கு 150 தீனார் கிடைத்தது. அதுவே போதும் என்றிருந்தார்.

அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை அதில் மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். இருட்டறையின் துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை ஏற்றிவைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்புள்ளி தனியாக விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒரே துவாரத்தில் நுழைந்தாலும் கலப்பதில்லை என்பது இதனால் உறுதியானது. கிரகணம் பற்றிய நூலில், துவாரம் சிறிதாக இருந்தால் சூரியனின் பிறை வடிவம் தெரிகிறது, பெரிதானால் அது வட்டமாகிவிடுகிறது என்றும் விளக்கினார். இரவில் தெளிவான படம் வேண்டும் என்று துவாரத்தைச் சுருக்குபவர்கள், ஒளி குறைவதால் கேமராவை நிலைநிறுத்தி அதிக நேரம் திறந்து வைப்பதும் இந்த விதிக்கு உட்பட்டுத்தான்.

கேமராவைக் கண்டுபிடித்தவர் இவர்தான், கேமரா என்ற சொல்லே ‘கமரா’ என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்றெல்லாம் செய்திகள் சுற்றுகின்றன. கேமரா என்பது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். அவர் தம் அறையை ‘அல்பைத்துல் முழ்லிம்’, அதாவது இருண்ட வீடு என்றே குறிப்பிட்டார். படத்தை நிலையாகப் பதிக்கும் வழி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. முன்னோர் சொன்னதையும் சோதிக்காமல் ஏற்காதவர் அவர். அவர் பெயரிலேயே சரிபாராத செய்தியைப் பரப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கேட்டதையெல்லாம் பரப்புவதை மார்க்கமும் கண்டிக்கிறது.

ஹிஜ்ரி 430 (1040) வாக்கில் கெய்ரோவில் அவர் வஃபாத்தானார். நூல் லத்தீனுக்குப் போய், ரோஜர் பேக்கன், கெப்ளர் போன்றோர் கைக்கு எட்டியது. 2015ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவரைச் சிறப்பித்தது. அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லும் பெற்றோர், ஓர் அட்டைப்பெட்டியில் ஊசித்துளையிட்டு அந்தச் சோதனையையும் அவர்களோடு செய்து பார்க்கலாம்.

பயனுள்ள கல்வியை நம் சந்ததிகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.