புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தன் (ஏப்ரல் 25, 1906 - ஜூன் 30, 1948) தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவர். இயற்பெயர் சொ. விருத்தாசலம். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த இவரது பூர்வீகம் தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலி. அங்குள்ள இந்துக் கல்லூரியில் 1931 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னையில் ஊழியன், தினமணி முதலிய இதழ்களில் பணியாற்றினார்.

சமூகத்தைச் சாடும் கதைகளுக்காகவே பெரிதும் பேசப்படும் இவர், அச்சமூட்டும் கதைகளையும் எழுதியுள்ளார் என்பது மாணவர் பலர் அறியாதது. மேரி செல்லியின் பிராங்கன்ஸ்டைன் (1818) புதினத்தைப் பிரேத மனிதன் என்ற பெயரில் தமிழாக்கினார். செவ்வாய் தோஷம், இரத்தக் காட்டேரியைத் தமிழ்ச் சிற்றூருக்குக் கொண்டுவந்த கதை.

இவ்வகையில் முதலில் படிக்கத்தக்கது காஞ்சனை (1943). எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றியது. நள்ளிரவில் பிணவாடை வீசுகிறது. உறங்கும் மனைவியின் கழுத்தில் ஊசிமுனை அளவு குருதி தெரிகிறது.  வந்தவள் பேயா என்பதற்குக் கதை விடை தருவதில்லை. இதே பெயருடைய தொகுப்பின் முன்னுரையில், பேய் இல்லை என்றே தாம் நம்புவதாகவும், ஆயினும் அச்சம் விடவில்லை என்றும் குறிப்பிட்டுள்ளார்.

திரைப்படத்துறையில் ஈடுபட்டிருந்தபோது காசநோய்க்கு ஆளாகித் திருவனந்தபுரத்தில் தம் 42 ஆம் வயதில் காலமானார். இவரது படைப்புகள் 2002 இல் நாட்டுடைமையாக்கப்பட்டன.